சின்ன லிவர்

எட்டு வருடத்து ஆயில் இது.
கண்ணாடிக் குடுவையில் பிடித்து
சன்னலோரம் தூக்கிப் பார்த்தேன்.
தேன்.
ஒரு துகள் இல்லை, கருமை இல்லை.

லாம்ப்டன் ஒவ்வொரு மார்ச்சிலும் வண்டியைக் கொண்டுவருவார்.
கூரையோரம் எழும்பி நிற்கும் மூச்சுக்குழாய்
(மார்பளவு ஆற்றிலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டாதாம்)
அதன் வாயில் இந்த வருடம் சிலந்தி குடியிருந்தது.
முன்னால் வின்ச், நான்கு டன் இழுக்கும்.
இதுவரை இழுத்தது
ஒரு கிறிஸ்துமஸ் மரம்,
அதுவும் அவர் வீட்டு வாசலிலிருந்து.

கிறைஸ்ட்சர்ச் தோசைக்கல் மாதிரி ஊர்.
வீடு, மருந்துக்கடை, மகளின் வயலின் வகுப்பு,
இடையில் பதினோரு சிக்னல்.
"அடுத்த கோடையில் மலைப்பக்கம்" என்பார்
சாவியைத் தரும்போது,
நான் கேட்காமலே.
முதலாளி திபெனெ சிரிப்பை
பில் புத்தகத்துக்குள் மறைத்துக்கொள்வார்.

இம்முறை அந்தச் சின்ன லிவர் அசையவில்லை.
பெரிய கியருக்குப் பக்கத்தில், கறுப்புக் குமிழோடு,
தம்பி மாதிரி நிற்குமே, அது.
உடையவில்லை. தேயவில்லை.
யாரும் தொடாததில் இறுகிப்போயிருந்தது.
அடியில் படுத்து இரண்டு மணிநேரம்
எண்ணெய் விட்டேன், தட்டினேன், கெஞ்சினேன்,
அம்மா காதில் விழக்கூடாத ஒன்றை
சமோவன் மொழியில் சொன்னேன்.
டக்.

சோதித்துத்தானே கொடுக்க வேண்டும்?
பட்டறைக்குப் பின்னால் ரயில்வேக்காரர்கள் கொட்டிய
ஜல்லிமேடு ஒன்று மழையில் ஊறிக் கிடக்கிறது.
கியரை இறக்கி ஏற்றினேன்.
நடையைவிட மெதுவாக,
ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல்.
நான்கு சக்கரங்களும் தனித்தனியே யோசித்து
ஒரே முடிவுக்கு வந்தன.
உச்சியில், முன்கண்ணாடி முழுக்க வானம்.
அங்கே கொஞ்சநேரம் நிறுத்தினேன்.
அதை பில்லில் சேர்க்கவில்லை.

கழுவித் துடைத்துத்தான் வைத்திருந்தேன்.
ஆனாலும் மனிதர் வண்டியைச் சுற்றிவந்து
குனிந்து, டயர் பள்ளத்தில் சிக்கிய கல்லொன்றை
நகத்தால் நெம்பி எடுத்தார்.
"இது எங்கே?"
"பின்னால் ஜல்லிமேட்டில். ஏறியது."
"எவ்வளவு உயரம்?"
தலைக்கு மேல் கையைத் தூக்கிக் காட்டினேன்,
கொஞ்சம் கூட்டித்தான்.

கல்லை அவர் கீழே போடவில்லை.
வாசல் வேகத்தடைக்கு முன்
பிரேக் மிதித்து,
தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுபவர்போல
முன்சக்கரம், பிறகு பின்சக்கரம்,
போனார்.

ஆறு மணிக்கு நானும் கிளம்பினேன்,
என் குட்டிக் காரில், நாய் ஏற்றிவந்த சேற்றோடு,
அண்ணன் வேலை பார்க்கும் மாட்டுப்பண்ணைக்கு.
கடைசி ஆறு கிலோமீட்டருக்குத் தார் கிடையாது.
முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி,
கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால்
எப்போதும் வழுக்கும்.