கொழுப்பெடுத்தவள்

மாம்பழக் கூழ் ஆலையின் ஈரத் தரையில்
பதினெட்டு சீசன் நின்றவள் நான்.
இடது முட்டி முதலில் தேய்ந்தது.
பிறகு நியாயம் பார்த்து வலதும்.

ராத்திரி ஷிப்டுக்கு ஒரு நாற்காலி கேட்ட அன்று
சூப்பர்வைசர் விட்ட சொல்
பர்கூர் ரோட்டில் இன்னும்
எனக்கு முன்னால் நடந்துபோகிறது:
கொழுப்பெடுத்தவ.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்தார்கள்.
தமிழில் அச்சடித்த படிவம்:
கொழுப்புத் திசுவிலிருந்து குருத்தணுக்கள்.
குருத்து தெரியும். வாழைக்கு உண்டு, பனைக்கு உண்டு.
நாற்பத்தொன்பது வயது நாகவேணியின் அடிவயிற்றில்
அது எங்கே?

"இருக்குங்க" என்றாள் டாக்டர்.
"என்னவா ஆகணும்னு இன்னும் முடிவு பண்ணாத செல்.
பஞ்சத்துக்குன்னு உடம்பு கட்டிவச்ச மூட்டைக்குள்ள
ஒளிஞ்சிருக்கும்."
துணைக்கு வந்த முனிலட்சுமி முகம் சுளித்தாள்:
"எங்க வாசக்கால் முழுக்கச் செல்லுதான்.
அதுக்கு அரிக்கத்தானே தெரியும்?"

மரத்துப்போக ஊசி. பென்சில் தடிமனில் குழாய்.
வலி இல்லை. யாரோ உள்ளே
கரண்டியால் வழிப்பது மட்டும் தெரிந்தது.
ஏறி வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்:
பெங்களூரா கூழேதான்.
அதே மஞ்சள், அதே நுரை, ஓரத்தில் கொஞ்சம் ரத்தம்.
"பிரிக்ஸ் பார்த்தீங்களா?" என்றேன்.
அங்கே யாருக்கும் புரியவில்லை.

அதைச் சுழற்றுவார்களாம்.
எங்கள் இயந்திரமும் சுழற்றும்;
கூழ் டின்னுக்கு, கொட்டை குப்பைக்கு.
இங்கே கூழ் குப்பைக்கு.
அடியில் படியும் ஒரு சிட்டிகைதான் வேண்டுமாம்.

ஜூலை மழையில் ஆலைக்குப் பின்னால் வந்து பாருங்கள்.
கொட்டை மேடு நாறும். ஈ மொய்க்கும்.
நாலாம் வாரம்
செம்பு நிறத்தில் ஆயிரம் குருத்து.
யாரும் நட்டதில்லை.
லாரி வந்து அள்ளும்வரை அது ஒரு தோப்பு.

மூன்று வாரம் என் செல்கள் பெங்களூரில்,
நான் கிருஷ்ணகிரியில்.
"நல்லா பெருகுதுங்க" என்று போன் வரும்.
ஓசூர் கம்பெனியிலிருந்து என் மகன்
இத்தனை ஒழுங்காய்ச் சேதி சொன்னதில்லை.

பிறகு முட்டிக்குள் ஊசி.
போனது என் செல்லா, வெறும் உப்புத் தண்ணீரா,
எனக்கும் தெரியாது, போட்டவளுக்கும் தெரியாது.
சீட்டுக் குலுக்கி ஒட்டிய உறைக்குத் தெரியும்.
வருடம் கழித்துத்தான் பிரிப்பார்களாம்.

ரவுண்டானாவில் ஒரு போர்டு நிற்கிறது:
ஒரே ஊசி, மூட்டுவலி ஓட்டம். மூன்று லட்சம்.
அதைப் பற்றி டாக்டரிடம் கேட்டிருந்தேன்.
"எங்களுக்கே இன்னும் தெரியலைங்க,
அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதோ."
அந்தத் தெரியலைங்கவை நம்பித்தான்
கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து மாதம்.
நேற்று தரையில் உட்கார்ந்து களி தின்றேன்.
எழும்போது கை ஊன்றினேன், சுவரைப் பிடிக்கவில்லை.
செல்லோ, உப்போ.
முனிலட்சுமி அங்காளம்மன் என்கிறாள்.
ராத்திரி முட்டிமேல் கையை வைத்து
மெல்லக் கேட்கிறேன்:
உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?

சீசனுக்கு முன்னால் சூப்பர்வைசர் கூப்பிட்டார்.
"கால் பரவாயில்லையாமே, வந்துடு."
"நாற்காலி?"
"இன்னும் உனக்குக் கொழுப்பு அடங்கலையா?"

"எடுத்தாங்கண்ணா. நூத்தம்பது மில்லி.
மிச்சம் நிறைய இருக்கு."