பூச்சியம்

முதற் காலாண்டில் பதினொன்று.
இரண்டாவதில் நாலு.
மூன்றாவதில் பூச்சியம்.
கணினித் தாளில் அந்தக் கட்டம்
தானாகவே பச்சை பூத்தது.
மட்டக்களப்புக் கூட்டத்தில் கைதட்டினார்கள்,
பிளேன்ரீயோடு பற்றிஸ் வந்தது.
நானும் தட்டினேன். பிறகுதான்
அந்தப் பச்சை
பாசி மூடிய குளத்தின் பச்சையாகத் தெரிந்தது.

அடுத்த செவ்வாய் மண்முனைப் பாலத்தால் படுவான்கரை.
விதைப்புக்கு உழுது கிடந்தது வயல்.
உழவு இயந்திரத்தின் பின்னால் கொக்குகள்
கணக்கெடுக்க வந்தவர்கள் மாதிரி
குனிந்து குனிந்து நடந்தன.
பி.எச்.ஐ. ஜிப்ரி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்:
"பூச்சியம் வந்தா சந்தோசப்படணும் மிஸ்.
நீங்க என்னண்டா கிண்டிப் பாக்கப் போறீங்க."

ஆய்வுகூட இடாப்பு. சிவப்புத் துணி ஒட்டிய முதுகு.
விரலை வைத்துக்கொண்டு இறங்கினேன்.
நெகட்டிவ். நெகட்டிவ். பொசிட்டிவ், இரண்டு பிளஸ்.
நெகட்டிவ்.
ஜூன் பத்தொன்பது.
அதற்குப் பிறகு கோடு போட்ட வெள்ளை
பக்கம் பக்கமாக.
ஓர் எறும்பு மட்டும் நசுங்கிக் கிடந்தது.

"நுணுக்குக்காட்டிட பல்ப் எரிஞ்சிட்டு" என்றாள் கமலேஸ்வரி.
கோவையைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தாள்.
மூன்று கடிதங்கள்.
மூன்றிலும் 'கிடைக்கப்பெற்றது' முத்திரை.
கடைசிக் கடிதத்தின் மூலையில், நீல மையில்,
என் சுருக்கொப்பம்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் திரும்பியது.

இருமி வந்தவர்களுக்கெல்லாம் துண்டு எழுதி
நகரத்துக்கு அனுப்பியிருக்கிறாள்.
அடிக்கட்டையில் இருபத்தாறு பெயர்.
போனவர்கள் எத்தனை பேர் என்பது அவளிடம் இல்லை,
என்னிடமும் இல்லை.
போய்வர பஸ் காசு, அதோடு ஒரு நாள் கூலி.
மனதுக்குள் கூட்டிப் பார்த்திருப்பார் போல,
அதற்குப் பிறகு ஜிப்ரி பேசாமல் வந்தார்.

செங்கல் சூளைக்கு அங்கால் வெள்ளக்குட்டி வீடு.
"வெள்ளாமை வெட்டக்க துடங்கின.
தூசியாக்கும் எண்டு இரிந்த."
மூன்று வயது மகள்
அவர் நெஞ்சில் காதை வைத்துவிட்டு
"அப்பாக்குள்ள பூனை இரிக்கி" என்றாள்.
அவளுக்குத் தடுப்பு மாத்திரை தொடங்கலாம்,
அவருடைய சளி பதில் சொன்னால்.
பதினேழாம் நிரலில் அவள் பெயரைப்
பென்சிலால் எழுதினேன்.

நாலாவது வீட்டில் முப்பத்தொன்று முடிந்திருந்தது.
பந்தல் கால் பிடுங்கிய குழிகள்
முற்றத்தில் இன்னும் மூடவில்லை.
கோபாலப்பிள்ளை, வயது ஐம்பத்திரண்டு.
"நெஞ்சுச்சளி எண்டு எழுதித் தந்த" என்றாள் மனைவி,
எனக்காகக் கதிரையைத் துடைத்துக்கொண்டே.
என் படிவத்தில் அவருக்குக் கட்டம் இல்லை.
கண்டுபிடிக்கப்பட்டவர் அல்லர்.
சிகிச்சையை இடைநிறுத்தியவரும் அல்லர்,
தொடங்காததை எப்படி நிறுத்துவது.
'குறிப்பு' என்ற இடத்தில் இரண்டு வரி இருந்தது.
அவருடைய பெயரே ஒரு வரி பிடித்தது.

திரும்பி வரும்போது எங்கள் முதுகில் பொழுது பட்டது.
காலுக்கிடையே குளிர்ப்பெட்டி, உள்ளே ஆறு குப்பிகள்,
ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து.
பாலத்து ஏற்றத்தில் வான் குலுங்கியபோது
அடைக்கு வைத்த முட்டைகள்போல
பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

நாலாம் காலாண்டில் ஒன்பது.
கட்டம் சிவந்தது.
"பூச்சியத்திலிருந்து ஒன்பதா? என்ன நடந்தது அங்கே?"
பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"பல்ப் மாற்றினோம்" என்றேன்.
பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள்.