மூவாயிரத்து எண்ணூறு

காது மருத்துவர் கேட்டார்:
எப்போதிலிருந்து இந்தச் சத்தம்?
தேதி சொல்லத் தெரியவில்லை.
எனக்கு மேடைகளாகத்தான் ஞாபகம்.

பீல் நகரத்தில்
தரையில் இன்னும் எண்ணெய் மணக்கும்
பழைய கடிகாரத் தொழிற்சாலையில் முதல் தடவை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
என்னோடு விரிப்பு மடிக்கும் றெகுலா
ஒரு ரிக்கற் மிச்சமென்று இழுத்துப்போனாள்.
எனக்கு வயது முப்பத்தெட்டு.
குடையை வாசலில் கொடுத்துவிட்டு
முதற்பந்தி முடியக் காத்திருப்பவள்போல்
சுவரோரம் நின்றேன்.
மேடையில் மூன்று பேர்.
ஈரக்கற்கள் என்று தமிழாக்கலாம் அவர்கள் பெயரை.
முதல் அடி விழுந்தபோது
சட்டைப் பொத்தான் நெஞ்சுக்கு மேலே அதிர்ந்தது.
பாட்டென்றால் காதுக்கு மட்டும் என்று
அதுவரை நம்பியிருந்தேன்.

அதற்குப் பிறகு
கச்சேரிக்கு ஒரு எட்டாக
சுவரை விட்டு முன்னுக்கு வந்தேன்.

லோசானில் ஒரு நிலவறை.
கூரையிலிருந்து வேர்வை சொட்டியது,
யாருடையது என்று கேட்கமுடியாத வேர்வை.
வின்ரத்தூரில் முன்னால் நின்ற நெடுவல் திரும்பிப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லாமல்
தன் இடத்தை எனக்கு விட்டான்.
பேர்ணில் பாடகி மூன்றாம் வரியை மறந்து சிரித்தாள்.
அந்தச் சிரிப்புக்காக இசைத்தட்டு வாங்கினேன்.
தட்டில் அது இல்லை.

"இதென்ன பிள்ளை,
இரும்புக்கடைக்குள்ள லொறி ஏறின மாதிரிச் சத்தம்?"
காரில் போட்டபோது பரிமளகாந்தி அக்கா கேட்டார்.
ஓம் அக்கா, அதேதான், என்றேன்.
அவர் கண்ணாடியை இறக்கினார்.
இறங்கும் வரைக்கும் விரலால்
தொடையில் தட்டிக்கொண்டே வந்தார்,
தனக்கே தெரியாமல்.

பிறகு சூர்சேக்குப் பக்கத்தில்
மாடுகளை அப்புறப்படுத்திய புல்வெளியில் மூன்று நாள் திருவிழா.
இரண்டாம் இரவு இடிவிழுந்து கரண்ட் போனது.
ஒலிபெருக்கி, விளக்கு, பியர்க் குழாய், எல்லாம்.
டிரம்காரி நிறுத்தவில்லை.
கித்தார்க்காரன் செத்த கித்தாரை விடவில்லை;
நுளம்பளவு சத்தம் அதிலிருந்து வந்தது.
வெறும் தொண்டையால் பாடினார்கள்.
பேர்ண் டொச்சு, எனக்கு அரைவாசிதான் விளங்கும்.
முதல் மூன்று வரிசைக்குத்தான் கேட்டிருக்கும்.
பின்னால் நின்ற ஆயிரம் பேருக்கு
அது நின்றுபோன கச்சேரி.
நான் இரண்டாம் வரிசை.
சப்பாத்துக்குள் சேறு.
பக்கத்தில் மழைக்கோட்டைக் கழற்றி
டிரம்முக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தவன் பெயர் பேயாட்.
எழுத்துக்கூட்டி இங்கிலீசில் வாசித்தால் தாளம்.
சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கடைசி ரயில் போய்விட்டது.
ஓல்ரன் நிலையத்தில் விடியும்வரை
ஒரு வாங்கில் இருவரும்.
"உனக்கும் கேட்குதா?"
"ம். இடது."
"எனக்கு வலது."
எழும்பி எனக்கு இடப்பக்கம் மாறி உட்கார்ந்தான்.
இரைகிற இரண்டு காதுக்கும் நடுவில்
இப்போது ஒரு சாண் குளிர்.
ஒன்றும் கேட்கவில்லைத்தான்,
ஒருவருக்கு மற்றவருடையது.

மருத்துவர் ஒரு குமிழைத் திருகுகிறார்.
இதுவா?
இல்லை, இன்னும் மேலே.
இதுவா?
கொஞ்சம் இறக்குங்கள்.
இது.
என் வலது கால் தரையில் ஒரு தட்டுத் தட்டியது.
அவர் கவனித்தாரோ தெரியாது.
மூவாயிரத்து எண்ணூறு என்று எழுதினார்,
செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு பஞ்சுக்குச்சி தந்தார்,
இனிமேல் பின்னால் நில்லுங்கள் என்றார்.
தலையாட்டினேன்.
வெள்ளிக்கிழமைக்கான ரிக்கற் கைப்பையில் இருந்தது.

இலக்கத்தை பேயாட்டுக்கு அனுப்பினேன்.
அவன் தன்னுடையதை அளந்து அனுப்ப
இரண்டு கிழமை எடுத்தது.
றெகுலாவின் மகள் பியானோவின் வலது ஓரத்தில்
கிட்டத்தட்ட அந்த இரண்டு கட்டையையும்
ஒன்றாக அழுத்திப் பார்த்தாள்,
மூக்கைச் சுளித்தாள்.
சேரவில்லையே, என்றாள்.

இன்னொருக்கால் அழுத்து, என்றேன்.