பெறுநர்

தாலுகா ஆபீஸுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில்
ஆறடிக்கு நாலடி.
அதற்குள் நானும் ஹால்டா மெஷினும்.
மனுதாரர் வெயிலில்.

இருபத்தேழு வருஷம்
ஓரத்திலிருந்து பத்துத் தட்டு தள்ளி
ஒரே முகவரியை அடித்தேன்:
மாண்புமிகு பாராளுமன்ற உறுப்பினர் அவர்கள்,
வந்தவாசி தொகுதி.
கீழ்வரியில் மாவட்டம்தான் மாறிக்கொண்டிருந்தது.
முதலில் வட ஆற்காடு.
ஒருநாள் திருவண்ணாமலை சம்புவராயர்,
ஒரு வரிக்குள் அடங்காமல்
மணியடித்துத் திரும்பவைக்கும் நீளப் பெயர்.
பிறகு சம்புவராயரும் போய்விட்டார்.
என் நாற்காலி அங்கேயேதான் கிடந்தது.
எதிர்ச்சுவர் மட்டும்
சின்னத்தின் மேல் சுண்ணாம்பு, சுண்ணாம்பின் மேல் சின்னமென்று
தேர்தலுக்குத் தேர்தல் தடித்தது.

யார் ஜெயித்தாலும் பெயரை அடித்ததில்லை.
பெயர் தோற்கும், பதவி தோற்காது என்று
நானே வைத்துக்கொண்ட விதி.

எத்தனை மனு!
பொன்னூர் தரணேந்திரன்
மலையடிக்கு விளக்குக்கம்பம் கேட்டு ஆறு முறை வந்தார்.
ஏழாவது முறை நன்றிக் கடிதம் அடிக்கச் சொன்னார்.
விளக்கு எரிகிறதா என்றேன்.
இல்லை, கம்பம் வந்துவிட்டது என்றார்.
அப்புறம் ரயில்.
பஞ்சாயத்து பஞ்சாயத்தாக ரயில் கேட்டார்கள்.
நான் அடித்த ரயில் மனுக்களை
நுனிக்கு நுனி ஒட்டியிருந்தால்
திண்டிவனம் வரைக்கும் போய்வந்திருக்கலாம்.

ஒரு காலையில் பேப்பரில்
கைக்குட்டை அளவுக்கு ஒரு வரைபடம்.
தொகுதி மறுசீரமைப்பு.
எங்கள் ஊர்
ஆரணிக்குள் ஒரு துண்டாக இருந்தது.
இதே ஊர்க் கோட்டைக்காக
கப்பலேறி வந்த இரண்டு தேசத்தார்
ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு செத்தார்கள்.
தொகுதி போன அன்று
எங்கள் தெருவில் ஒரு ஷட்டர்கூட இறங்கவில்லை.
மாவு வீசிக்கொண்டே சர்புதீன் கேட்டார்:
"ஓட்டு உண்டில்ல?"
உண்டு என்றேன்.
"அப்புறம் என்னா."

அந்த அப்புறத்தில்தான்
ஜைத்தூன் பீ வந்தாள்.
தம்மாமில் இறந்த கணவன்
பத்தொன்பது நாளாக ஐஸ் பெட்டியில்.
கம்பெனி போனை எடுக்கவில்லை.
எம்.பி. கடிதம் கொடுத்தால்
தூதரகத்தில் நகரும் என்று யாரோ சொன்னார்களாம்.
பாஸ்போர்ட் எண்ணை அவள் பார்க்காமலே சொன்னாள்.
நான் அழாமல் அடித்தேன். காசு வாங்கவில்லை.

ராத்திரி கார்பன் நகலைப் பார்த்தால்
முதல் வரியில்
வந்தவாசி தொகுதி.

ஒரு பிணத்தை
இல்லாத ஊருக்கு அனுப்பிவிட்டேன் என்று
விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.
தபால் ஆபீஸ் கதவு திறக்குமுன் நின்றேன்.
பை டெல்லிக்குக் கட்டியாகிவிட்டது.
குணபூஷணி நிமிரவே இல்லை.
"வந்தவாசிய அடிச்சுட்டு
சிவப்புல ஆரணின்னு எழுதிட்டேன்க்கா.
இந்த மாசத்துல இது பதினொண்ணாவது.
எல்லாமே உங்க மெஷின்தான்,
'தொ' கொஞ்சம் சாஞ்சிருக்கும்."

பதினொன்று.
மற்ற பத்தில் யார் யார் எதைக் கேட்டிருந்தார்கள்?
ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் பெட்டி வந்தது.
கடிதத்தால் வந்ததா,
கம்பெனிக்கே இடம் போதாமல் அனுப்பினார்களா,
ஜைத்தூன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
கையெழுத்துப் போட்டு வாங்கும் தாளில்
ஊர்: வந்தவாசி என்றிருந்ததாம்.
அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

இப்போது சரியாகத்தான் அடிக்கிறேன்.
ஆரணி மூன்றெழுத்து.
அடித்து முடித்த பிறகும்
விரல் இன்னும் இரண்டு தட்டு தட்டுகிறது,
வெறும் இடத்தை.
என் மனுக்களில் ஊருக்கும் தொகுதிக்கும் நடுவே
கொஞ்சம் அதிகமாகவே வெள்ளை தெரியும்.