கீல்

ஜூலையில் ரொமினாவின் கதவைக் கழற்றினேன்.
மூன்று கீல், பன்னிரண்டு திருகாணி.
நெல்டா டார்ச் பிடித்தாள்.
அதற்கு முந்தைய இரவைப் பற்றி
எழுதப்போவதில்லை.

புந்தா அரினாஸில் காற்று எதையும் விட்டுவைக்காது.
நண்டுப் படகில் பதினெட்டு வருஷம்:
ஓட்டையைக் கண்டால் அடை,
கயிறு தளர்ந்தால் இறுக்கு.
எனக்குத் தெரிந்த பாசம் அவ்வளவுதான்.

செவ்வாய்தோறும் செனோரா ஒயார்சோவின் அறை.
மோட்டாரை ஒர்க்‌ஷாப்பில் விடுவதுபோல
மகளை விட்டுவிட்டு
வெளியே நின்று புகைக்கலாமென்று போனேன்.
"நீங்களும் உட்காருங்கள்" என்றார்.
மூன்று வாரம் கேஸ் ஹீட்டர் மட்டும் பேசியது.

நான்காம் வாரம் அவர் கேட்டது
எட்டு வயது எலாதியோவிடம்:
"உங்கள் வீட்டில் ரொம்பப் பயப்படுவது யார்?"
நாயைச் சொல்வான் என்று பார்த்தேன்.
"அப்பா" என்றான்.
"அக்கா மூச்சு விடுகிறாளா என்று
ராத்திரியில் செருப்பில்லாமல் வந்து நிற்பார்.
நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு."

ரொமினா நிமிர்ந்தாள்.
"காவல் நிற்கிறார் என்றல்லவா நினைத்தேன்."
ஸ்வெட்டர் கையை விரல்நுனிவரை இழுத்துக்கொண்டு
தரையிடம் சொன்னாள்:
"எனக்கு என் கதவு வேண்டும்."

கூடாது, கூடாது என்று நெல்டா அழுதாள்.
ஒயார்சோ யார் பக்கமும் சாயவில்லை.
கதவில்லாமல் இவளுக்கு என்ன போயிற்று,
கதவிருந்தால் உங்களுக்கு என்ன போகும்
என்று மாற்றி மாற்றிக் கேட்டார்.
துறைமுகத்தில் விலை பேசுவதுபோல
ஆறு வாரம் இழுத்தோம்.
தாழ்ப்பாள் கிடையாது.
நாங்கள் தட்டினால் ஒரு சொல்லாவது பதில் வரவேண்டும்.
தாங்க முடியாத இரவில்
அவள் வந்து எங்கள் கதவைத் தட்டவேண்டும்.
காரணம் கேட்கமாட்டோம்.
விளக்கிச் சொல்ல முடியாவிட்டால்?
ஒரே ஒரு வார்த்தை, எதுவானாலும்.
"நண்டு" என்றாள், என்னைப் பார்த்து.
கிண்டல்தான். ஒத்துக்கொண்டேன்.

அக்டோபரில் கதவை மாட்டினோம்.
திருகாணிகளை உள்ளங்கையில் சூடேற்றி வைத்து
ஒவ்வொன்றாகத் தந்தாள்.
ஷெட்டின் ஈரத்தில் மரம் உப்பியிருந்தது.
இரண்டு விரல்கடை சாத்த மறுத்தது.
இழைப்புளிக்குக் கை போயிற்று.
"இருக்கட்டும் அப்பா.
கோடையில் பார்க்கலாம்."

முந்தாநாள் இரவு மணி மூன்று.
வெளியே காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
எங்கள் கதவில் இரண்டு தட்டு.
"நண்டு."

நெல்டா கெட்டிலை வைக்க எழுந்தாள்.
என்ன ஆயிற்று என்று வாய்வரை வந்ததை
மென்று விழுங்கினேன்.
சுவரோரம் நகர்ந்து படுத்து
இடம் விட்டேன்.