மீண்டும் சொல்லவும்

கடைசிப் பருவத் தாளில் ஒரே கேள்வி:
வகுப்பறைத் தொழில்நுட்பம் குறித்து
உங்கள் நிலைப்பாடு என்ன?
இரண்டு பக்கங்களுக்கு மிகாமல்.

படகில் உட்கார்ந்திருக்கிறேன்.
சிலோயேவுக்குக் கிழக்கே
ஒன்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு தீவுக்குப் போகிறேன்,
மடியில் ஒன்பது டேப்லெட்,
மழைக்குப் பயந்து குப்பைப் பையில் சுற்றியவை.
முட்டையா, என்றார் படகோட்டி ஓயார்சோ.
கிட்டத்தட்ட, என்றேன்.

நிலைப்பாடு.
அலை அடிக்கையில்
இரண்டு காலையும் ஒரே இடத்தில் ஊன்றுபவர்
முதலில் விழுவார்.
இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

செவ்வாய்க்கிழமை எலியேசர் வாசித்தான்.
ஏழு வயது. முன்பல் இரண்டும் இல்லை.
கருவி கேட்டது, யோசித்தது,
மீண்டும் சொல்லவும், என்றது.
சொன்னான்.
மீண்டும் சொல்லவும்.
சொல்லின் வாலை விழுங்குவது எங்கள் பேச்சு.
இந்தக் காற்றில்
யாரும் வாயை அதிக நேரம் திறந்து வைப்பதில்லை.
ஆறாவது முறை அவன் குரல் மாறியது.
தொலைக்காட்சியில் பற்பசை விற்கும்
சந்தியாகோக்காரனைப் போல
லாஸ் காசாஸ் என்றான்,
ஒவ்வொரு ஸ்ஸும்
இல்லாத பல்லின் சந்தில் சீட்டியடிக்க.
திரையில் பச்சை நட்சத்திரம்.
எட்டுப் பேரும் கைதட்டினார்கள்.
நானும்தான்.

இரவு, ஈர விறகை ஊதிக்கொண்டிருக்கும்போதுதான்
எதற்குக் கைதட்டினேன் என்று உறைத்தது.

நாளை மழையா என்று
கைப்பேசியிடம் நானும்
அந்தப் பற்பசைக் குரலில்தான் கேட்கிறேன்.
(இங்கே அதைக் கேட்பதே வேடிக்கை.
பெய்யும்.)

ஆனாலும் பேராசிரியரே,
என் அம்மா சால்மன் ஆலையில் இரவுப் பணி.
கல்லூரியின் நான்கு வருடமும்
அம்மா என்றால் எனக்கு ஒரு நீலப் பட்டை,
அழுத்தினால் பேசும்.
பின்னணியில் குளிர்பதன யந்திரம்,
யாரோ இருமுவது,
கையுறை கழற்றும் சத்தம்.
எழுத்தாக்கு என்ற பொத்தானை ஒருமுறை தொட்டேன்.
'கண்ணே, சாப்பிட்டாயா' என்பது
'கணக்கு சமர்ப்பித்தீர்களா' என்று வந்தது.
சிரித்துக்கொண்டே போய்ச் சாப்பிட்டேன்.

பாடத் திட்டமும் கேட்டுப் பார்த்தேன்.
பதினோரு நொடி.
அழகான தலைப்புகள், அடைப்புக்குறிகள்.
மூன்றாம் நாள்: மாணவர்களை அருகிலுள்ள
போக்குவரத்து விளக்குக்கு அழைத்துச் செல்லவும்.
எங்கள் தீவில் வண்டி இரண்டு.
ஒன்றுக்குச் சக்கரம் கிடையாது,
கோழிகள் குடியிருக்கின்றன.

இதற்குள் முடிவுரை எழுதிவிடாதே
என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்,
யஸ்னா இருக்கிறாள்.
பள்ளி திறந்த மார்ச்சிலிருந்து
ஒரு வார்த்தை பேசாதவள்.
நகராட்சி மருத்துவர் வந்தார், படிவம் நிரப்பினார், போனார்.
வியாழக்கிழமை, கணக்குக்கு விடை எழுதும் கட்டத்தில்
இரண்டு விரலால் தட்டியிருந்தாள்:
அத்தை, ஜன்னலைச் சாத்துங்கள், குளிர்கிறது.

(இங்கே ஆசிரியையை அத்தை என்பார்கள்.)

அடுப்பிலிருந்து தள்ளி, கடைசி மேசை.
சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே
விரல் நுழையும் இடைவெளி.
மூன்று மாதம்.
தினமும் நான் அவளிடம் கேட்டதெல்லாம்
ஏன் பேசவில்லை என்பதுதான்.
அந்த விடையைக் கருவி
தவறு என்று சிவப்பில் காட்டியது.
எதிர்பார்த்த விடை: 14.

மட்டைத் துண்டை மடித்துச் சந்தில் செருகினேன்.
அவள் சட்டைக் கையை மணிக்கட்டுக்கு மேலே
கொஞ்சம் சுருட்டிவிட்டாள்.
அவ்வளவுதான் நடந்தது.
பேசவில்லை.

வெள்ளிக்கிழமை எலியேசரின் டேப்லெட்
மின்கலம் தீர்ந்து குழறியது.
அவன் குனிந்து, பொறுமையாக,
எங்கள் ஊர்ப் பேச்சில், வாலை விழுங்கி,
மீண்டும் சொல்லவும், என்றான் அதனிடம்.

கல்லறைத் தோட்டத்து முனை தாண்டினால் சிக்னல் போய்விடும்.
இரண்டு பக்கத்தில் நான் எழுதியிருப்பது
ஒரு வரி:
ஐயா, ஜன்னல் சாத்தியாயிற்று.
அனுப்பு என்பதை அழுத்தினேன்.
வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது.
ஓயார்சோ கயிற்றை வீசிவிட்டுக் கை நீட்டுகிறார்,
முட்டையை முதலில் கொடு பெண்ணே,
அப்புறம் நீ இறங்கு.