பதினோராவது ஆணி

குன்னூர் மார்க்கெட்டுக்குப் பின்னால்
கம்பளிக்கடை மூடிப்போன மாடியில்
காலை ஒன்பதுக்குக் கதவு திறக்கும்,
மாலை ஐந்துக்குப் பூட்டு.
படுக்க இடமில்லை என்று
முதல் நாளே சொல்லிவிட்டாள் ஜெசிந்தா.
"வரலாம், இருக்கலாம், போகலாம். அவ்வளவுதாங்க்கா."

அவ்வளவுதான் என்றால்
வெந்நீர். உள்தாழ்ப்பாள் உள்ள குளியலறை.
போனுக்குச் சார்ஜ் போட நாலு ஓட்டை.
மேசைக்கால் ஆடாமலிருக்க
பழைய வாக்காளர் பட்டியலை மடித்துச் செருகியிருந்தார்கள்.
உருவிப் பார்த்தேன்.
எங்கள் யார் பெயரும் அதில் இல்லை.

சுவரில் வரிசையாக ஆணிகள்,
நனைந்த குடைக்கு, ஸ்வெட்டருக்கு.
மேலே சாக்பீஸில் பெயர்.

பத்தொன்பது வருஷம்
வெலிங்டன் பக்கம் ஒரு பங்களாவில் சமைத்தேன்.
விற்றார்கள்.
பத்திரத்தில் கொய்யாமரம் வரை எழுதியிருந்தது.
என் அறைக்கு 'ஸ்டோர்' என்று பெயர்.

அப்புறம் ரயிலடி,
அப்புறம் பஸ் ஸ்டாண்ட், சர்ச் வராந்தா.
குளிர் வானத்திலிருந்து வருவதில்லை.
தரையிலிருந்து வரும், அட்டையைத் துளைத்து,
முதலில் இடுப்புக்கு.
காட்டெருமை தெருவில் நடந்தால்
ஊரே நின்று படம் பிடிக்கும்.
கரடி வந்தால் பேப்பரில் போடுவார்கள்.
அதே தெருவில் பதினான்கு மாதம் நடந்தேன் நான்.

ஒருநாள் டீ கேட்க வாயைத் திறந்தேன்,
குரல் வரவில்லை.
மூன்று வாரம் யாரோடும் பேசியிருக்கவில்லை.
ஊமை என்று நினைத்துக் கடைக்காரர் காசு வாங்கவில்லை.
அந்த டீயை நான் குடித்தேன்.
அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மாடியில் யாரும் கதை கேட்கவில்லை.
"சீனி எவ்வளவு?" என்றாள் பொன்னழகு,
எட்டு வயதில் கண்டியிலிருந்து கப்பலேறி
தேயிலைத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற மறுமாதம்
லயன் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தவள்.
ஜார்க்கண்ட் பூல்மணிக்குத் தமிழில் எட்டுச் சொல்,
அதில் மூன்று வசவு.
தாயத்தில் கூசாமல் அழும்பு பண்ணுவாள்.
நசீமா பகலெல்லாம் சுவரோரம் தூங்குவாள்,
இரவில் கண் மூட முடியாதவள்.
அவள் தூங்கும்போது மட்டும் பூல்மணி
கட்டையைத் துணிமேல் உருட்டுவாள்,
சத்தம் வராமல்.

ஐப்பசி மழையில் காய்ச்சல்.
மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தா.
நாலாம் நாள் படியேறினால்
வாசலை மறித்து
பூல்மணி கத்தினாள், தன் புதுத் தமிழை:
"ஏன் வரல?"

கோபம்தான் வந்தது.
பங்களாவிலும் இதைக் கேட்டதுண்டு,
சோறு ஆகவில்லை என்று.
உள்ளே போனேன்.
என் டம்ளர் அலம்பிக் கவிழ்த்தபடி இருந்தது.
பொன்னழகு அந்த முட்டியோடு
ரயிலடி, பஸ் ஸ்டாண்ட், சர்ச்
மூன்றிலும் தேடியிருக்கிறாள்.
ஆஸ்பத்திரி தோணலையே என்று
தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள்.

பதினோராவது ஆணிக்கு மேல்
சாக்பீஸை ஈரம் தின்றிருந்தது.
யாரோ நீல பெயிண்டில் எழுதியிருந்தார்கள்,
சூசைம்மாள் என்று.
ஒரு 'ய' குறைச்சல்.
திருத்தச் சொல்லவில்லை.

ஐந்து மணி.
ஜெசிந்தா பூட்டைப் போட்டு
இருமுறை இழுத்துப் பார்த்தாள்,
எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.
அவளுக்கும் கடைசி பஸ் உண்டு.
யார் எங்கே படுக்கிறோம் என்று
இப்போதெல்லாம் படியிலேயே சொல்லிக்கொள்கிறோம்.
முனிசிபாலிடிக்கு எழுதிய மனு
எழுதியபடியே இருக்கிறது.

சர்ச் வராந்தாவில்
நசீமா தன் அட்டையை
என் அட்டைமேல் போட்டாள்.
"முதல்ல நீங்க தூங்குங்க.
ரெண்டு மணிக்கு எழுப்பறேன்."